மொட்டை மாடிக்கு ஏறுறதுக்கு முன்னாடி சம்ப்பைப் பாருங்க: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கடிதம் பாதிக்கு மேல சேலத்து அப்பார்ட்மென்ட்காரங்க கிட்டேர்ந்துதான், அதுவும் எல்லாமே கரண்டும் தண்ணியும் பத்தி. அதனால வேற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வச்சுட்டு இதையே எடுத்துக்கறேன்.

அழகாபுரத்துல 24 வீடு இருக்கற அப்பார்ட்மென்ட், நான் அசோசியேஷன் செயலாளர். லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு லைட் எல்லாம் சேர்த்து பொது ஈபி பில் ரெண்டு மாசத்துக்கு 2,400 யூனிட் பக்கம் வருது. ஒரு சோலார் ஆள் வந்து 78,000 ரூபாய் மானியம் கிடைக்கும், 10 கிலோவாட் போட்டுடலாம், உடனே அட்வான்ஸ் குடுங்கன்னு நிக்கறார். நம்பலாமா?

அண்ணா, அட்வான்ஸ் குடுக்காதீங்க, முதல்ல கணக்கு பேசலாம். அந்த 78,000 தனி வீட்டுக்கான மானியம். 2024 பிப்ரவரியில மத்திய அரசு ஆரம்பிச்ச பிஎம் சூர்ய கர் திட்டத்துல ஒரு வீட்டுக்கு முதல் 2 கிலோவாட்டுக்கு கிலோவாட்டுக்கு 30,000, மூணாவதுக்கு 18,000, ஆக மொத்தம் 78,000, அதுக்கு மேல எத்தனை கிலோவாட் போட்டாலும் அவ்வளவுதான். அசோசியேஷனுக்கு கணக்கே வேற. பொது லைட், மோட்டார், லிஃப்ட், வண்டி சார்ஜிங் இதுக்கெல்லாம் போடற சோலாருக்கு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், வீட்டுக்கு 3 கிலோவாட்ங்கற கணக்குல உச்சவரம்பு 500 கிலோவாட் வரைக்கும் போகும். அப்ப உங்க 10 கிலோவாட்டுக்கு 1,80,000 வரணும். அந்த ஆள் சொன்னதை விட உங்களுக்கு அதிகமாவே உரிமை இருக்கு, அதுகூட தெரியாதவர் கிட்ட வேலைய குடுக்கறதுக்கு முன்னாடி நல்லா யோசிங்க. திட்டத்தோட போர்ட்டல்ல பதிவு பண்ண வெண்டர் லிஸ்ட் இருக்கு, அதுல பேர் இருக்கான்னு பாருங்க, பேனல் இந்தியாவுல செஞ்ச செல் போட்டதா இருக்கணும், இல்லன்னா மானியம் வராது. பணமும் முன்னாடியே வராது, மாட்டி, ஈபி வந்து பார்த்து, நெட் மீட்டர் (நீங்க எடுக்கற கரண்டையும் பேனல்லேர்ந்து ஈபிக்கு போற கரண்டையும் கழிச்சு கணக்கு பண்ற மீட்டர்) வச்சு ஓட ஆரம்பிச்ச பிறகுதான் பேங்க் கணக்குக்கு வரும், அதுவரைக்கும் முழுத் தொகைக்கு வழி பண்ணி வச்சுக்கணும். திட்டம் 2026-27 நிதியாண்டு வரைக்கும்னு அறிவிச்சிருக்காங்க, அதனால ரொம்ப தள்ளியும் போடாதீங்க.

ஆனா நான் சொல்ல வந்தது இதில்லை. உங்க 2,400 யூனிட்ல மோட்டார் எவ்வளவு தின்னுதுன்னு பார்த்தீங்களா? 24 வீட்டுக்கு வீட்டுக்கு 500 லிட்டர்னு வச்சா ஒரு நாளைக்கு 12,000 லிட்டர். உங்க ஏரியாவுல போர் ஆழம் எனக்கு தெரியாதுன்னாலும் சேலத்துல 500 அடிக்கு கீழ மோட்டார் இறக்கறது சாதாரணமாயிடுச்சு, கருங்கல்லு பூமி. 1,000 லிட்டரை 150 மீட்டர் தூக்க ஏட்டுக்கணக்குப்படி 0.4 யூனிட் போதும், ஆனா மோட்டார், பம்ப், பைப் எல்லாம் தின்னது போக நிஜத்துல ஒரு யூனிட்டுக்கு மேலயே ஆகும். அது சம்ப்புக்கு வந்து திரும்ப மேல் டேங்குக்கு ஏறணும், அதுக்கு இன்னொரு 0.15 யூனிட். ஆக உங்க வீட்டு குழாயில வர்ற ஒவ்வொரு லிட்டரும் கரண்டு செலவழிச்சு ரெண்டு தடவை தூக்கினது. ஒரு நாளைக்கு 15 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 900 யூனிட் வெறும் தண்ணிக்கே போகுது. லிஃப்ட் இருக்கற அப்பார்ட்மென்ட் பொது இணைப்புக்கு யூனிட் 8 ரூபாய்க்கு மேல, அப்ப 7,000 ரூபாய்க்கு மேல. அதுல அஞ்சுல ஒரு பங்கு டேங்க் வழிஞ்சும் ஃப்ளஷ் ஒழுகியும் வீணாப் போனா 180 யூனிட், ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை 1,400, 1,500 ரூபாய் சாக்கடையில விடறீங்க, இதை நிறுத்த எந்த மானியமும் வேணாம்.

மோட்டாரை சோதிக்க ஒரு வழி சொல்றேன், இன்ஜினியர் தேவையில்ல. சம்ப்போட நீள அகலம் அளந்து எத்தனை இன்ச் ஏறினா 1,000 லிட்டர்னு கணக்கு போட்டு சுவத்துல கோடு போடுங்க. லிஃப்ட்டை கொஞ்ச நேரம் நிறுத்திட்டு போர் மோட்டாரை மட்டும் ஓட்டி, ஆரம்பத்துலயும் முடிவுலயும் ஈபி மீட்டர் ரீடிங் எடுங்க. 500 அடி போர்ல 1,000 லிட்டருக்கு ரெண்டு யூனிட்டுக்கு மேல போச்சுன்னா மோட்டாரோ பம்போ சரியில்ல. காயில் எரிஞ்சு எரிஞ்சு ரீவைண்டிங் பண்ணின மோட்டார் நிறைய அப்பார்ட்மென்ட்ல ஓடிட்டே இருக்கு, ஓடுதே போதும்னு விட்டுடறாங்க, ஒவ்வொரு தடவை காயில் கட்டும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமா கரண்ட் அதிகமா இழுக்கும். அதே மாதிரி போர் போட்டப்ப 300 அடியில இருந்த தண்ணி இப்ப 500க்கு போயிருந்தா பழைய பம்ப் அந்த உயரத்துக்கு செஞ்சதே இல்ல, முக்கி முக்கித்தான் தூக்கும். புதுசு வாங்கும்போது ஸ்டார் போட்ட பம்ப், இப்ப இருக்கற தண்ணி மட்டத்துக்கு ஏத்ததா கேட்டு வாங்குங்க, கடைக்காரர் குடுக்கற குதிரைசக்தியை வாங்கிட்டு வராதீங்க. மாநகராட்சி குழாயில மேட்டூர் தண்ணி வர்ற நாள்ல போர் ஓட்டவே வேணாம், அது சம்ப்புக்கு தானா வந்து விழுது, மேல ஏத்தற செலவு மட்டும்தான், போர் தண்ணியோட ஒப்பிட்டா எட்டுல ஒரு பங்கு கரண்ட் கூட ஆகாது.

இதையெல்லாம் செஞ்சு 2,400 யூனிட் 2,000க்கு வந்துச்சுன்னு வைங்க. நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் ஒரு நாளைக்கு சுமார் 4 யூனிட் குடுக்கும், அப்ப 10 கிலோவாட் வேண்டியதில்ல, 8 போதும். கிலோவாட்டுக்கு 50,000 லேர்ந்து 60,000 ஆகுதுன்னு வச்சா அந்த 2 கிலோவாட்ல மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல மிச்சம், அதோட மானியமா வராத 36,000ஐ கழிச்சாலும் லாபம் உங்களுக்குத்தான். மொட்டை மாடியில கிலோவாட்டுக்கு 100 சதுர அடி வேணும், டேங்க் நிழல், லிஃப்ட் ரூம் நிழல் விழற இடத்தை விட்டுட்டு பாருங்க, துணி காயப்போட இடம் விட்டு வைங்க, இல்லன்னா முதல் பொதுக்குழுவுலயே சண்டை வரும். பொது இணைப்புக்கு நெட் மீட்டர் எப்படி கணக்கு பண்ணுவாங்கன்னு உங்க ஈபி செக்ஷன் ஆபீஸ் ஏஇ (உதவிப் பொறியாளர்) கிட்ட எழுத்துல கேட்டு வாங்கிட்டு அப்பறம் வெண்டரோட ஒப்பந்தம் போடுங்க. இன்னொண்ணு, பேட்டரி இல்லாத சோலார் கரண்ட் போனா நின்னுடும், லைன்ல வேலை பாக்கற ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அப்படித்தான் வச்சிருக்காங்க, அதனால ஜெனரேட்டரை வித்துடாதீங்க.

எங்களுது குகை பக்கம் சின்ன கட்டிடம், 8 வீடு, ரெண்டு மாடி, லிஃப்ட் கிடையாது. பொது இணைப்புக்கு எங்களுக்கும் லிஃப்ட் இருக்கற அப்பார்ட்மென்ட் மாதிரி யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேலதானா?

இல்லம்மா. 10 வீடு வரைக்கும், மூணு மாடி வரைக்கும் இருக்கற, லிஃப்ட் இல்லாத கட்டிடத்துக்கு பொது இணைப்பு கட்டணத்தை 2023 நவம்பர்லேர்ந்து யூனிட்டுக்கு 5.50 ரூபாயா குறைச்சாங்க, அதுக்கப்பறம் வந்த கட்டண மாத்தத்துல கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம், ஆனா பெரிய அப்பார்ட்மென்ட் ரேட் உங்களுக்கு கிடையாது. பில்லுல என்ன டாரிஃப்னு போட்டிருக்குன்னு பாருங்க, பெரிய ரேட்ல வந்துட்டிருந்தா ஈபி ஆபீஸ்ல எழுதிக் குடுத்து மாத்துங்க. இந்த சலுகை வந்தது தெரியாமலே கட்டிட்டு இருக்கறவங்க இருக்காங்க, அது எனக்கு ரொம்ப வருத்தம்.

ஃபேர்லேண்ட்ஸ்ல வாடகை வீடு. ஓனர் ஒண்ணும் செய்ய மாட்டார், சொந்த வீடு இல்லாதவங்களுக்கு மானியமும் இல்ல. எங்களால என்ன முடியும்?

மானியம் எல்லாம் மொட்டை மாடி வச்சிருக்கறவங்களை பாத்துதான் போகுது, வாடகைக்காரங்களை யாரும் நினைக்கறதில்ல, நீங்க சொல்றது நியாயமான வருத்தம். ஆனா கழட்டிட்டு போற பொருளா வாங்குங்க, அதுதான் வழி. முதல்ல ஃபேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் கம்மியா இழுக்கற புது மாதிரி மோட்டார் வச்சது) 30 வாட் பக்கம். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினா (சேலத்து மே மாசத்துல 20 மணி நேரம் கூட ஓடும்) ரெண்டு மாசத்துக்கு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம், மூணு ஃபேன்னா 120. இது சும்மா 120 யூனிட் இல்ல. நம்ம ஈபி கட்டணத்துல ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டை தாண்டினீங்கன்னா 101லேர்ந்து 200 வரைக்கும் இருக்கற குறைஞ்ச ரேட் போயிடும், அதோட 500க்கு மேல ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய்க்கு மேல ஏற ஆரம்பிச்சுடும். 580 யூனிட் வர்ற வீடு 460க்கு வந்தா பில்லுல தெரியற வித்தியாசம் அப்படித்தான் பெருசா இருக்கும், ஒரே வருஷத்துக்குள்ள ஒரு ஃபேன் காசாவது வந்துடும். வீடு மாத்தும்போது பழைய ஃபேனை திரும்ப மாட்டிட்டு உங்களுதை கழட்டிட்டு போங்க, பழசை பரண்ல பத்திரமா வைங்க.

அப்பறம் குழாய் வாயில மாட்டற ஏரேட்டர். சாதா குழாய் நிமிஷத்துக்கு 10, 12 லிட்டர் கொட்டும், ஏரேட்டர் மாட்டினா காத்து கலந்து 4, 5 லிட்டர்ல அதே மாதிரி கை கழுவலாம், பாத்திரம் கழுவலாம், விலையும் பெருசா இல்ல. பக்கெட் புடிக்கற குழாயில மாட்டாதீங்க, பக்கெட் நிறையறதுக்கு நேரம்தான் ஆகும், தண்ணி ஒண்ணும் மிச்சமாகாது. நம்ம ஊர் போர் தண்ணி உப்பு, அந்த சல்லடையில வெள்ளை வெள்ளையா படியும், மாசத்துக்கு ஒரு தடவை கழட்டி எலுமிச்சம்பழச் சாறுலயோ வினிகர்லயோ ராத்திரி ஊறப்போட்டு பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சா போதும். அதை செய்யாம "ஏரேட்டர் நல்லா இல்ல, தண்ணியே வரல"ன்னு கழட்டி போட்டவங்க வீடுதான் நிறைய.

அஸ்தம்பட்டியில நாலாவது மாடியில இருக்கோம், எனக்கு 67 வயசு. சாயங்காலம் ஆனா எங்களுக்கு தண்ணி வராது, கீழ் வீட்டுல வரும். வாட்ச்மேன் மோட்டார் போட்டேன்ங்கறார். எங்க போகுதுன்னு கண்டுபிடிக்க முடியுமா?

முடியும் அம்மா, ஒரு பத்து ரூபாய்ல கண்டுபிடிக்கலாம். மளிகைக் கடையில கேசரி பவுடர் வாங்கி, ஒவ்வொரு வீட்டுலயும் வெஸ்டர்ன் டாய்லெட் ஃப்ளஷ் டேங்க் மூடியத் திறந்து ஒரு சிட்டிகை போடச் சொல்லுங்க. அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணக் கூடாது. கீழ கிண்ணத்துல ஆரஞ்சு கலர் இறங்கி இருந்தா உள்ள இருக்கற ரப்பர் வாஷர் போயிடுச்சு, ராத்திரி பகல் சத்தமே இல்லாம ஒழுகிட்டே இருக்கும். சொட்டுற குழாய் கண்ணுக்கு தெரியும், யாராவது மூடுவாங்க, இது டாய்லெட் கிண்ணத்தோட உள்பக்கமா வழிஞ்சு இறங்கறதால யாருக்கும் தெரியாது, பூட்டின வீட்டுலகூட ஒழுகும். வெளிநாட்டுல இருக்கறவங்க பூட்டிட்டு போன வீட்டுக்கு மெயின் வால்வை மூடிட்டீங்களான்னும் கேளுங்க. வாஷர் மாத்த பிளம்பர் கூலியோட சேர்த்தாலும் சில நூறுதான். மாத்தறப்பவே பழைய 10 லிட்டர் டேங்கா இருந்தா 3, 6 லிட்டர்னு ரெண்டு பட்டன் இருக்கற டேங்க் போட்டுடச் சொல்லுங்க. நாலு பேர் வீட்டுல ஒரு நாளைக்கு 15 தடவை ஃப்ளஷ் பண்ணா 80 லிட்டருக்கு மேல குறையும், உங்க கட்டிடத்துல எத்தனை வீடோ அத்தனைக்கு பெருக்கிப் பாருங்க.

டாய்லெட் எல்லாம் சரின்னா அடுத்தது மேல் டேங்க்தான். ஃப்ளோட் வால்வு சரியா மூடாம வழியற தண்ணி ராத்திரில மழைத்தண்ணி பைப்புல இறங்கி போயிட்டே இருக்கும். தண்ணி மட்டம் பாத்து தானா மோட்டாரை நிறுத்தற கன்ட்ரோலர் சில ஆயிரத்துக்கு கிடைக்குது, சம்ப்புல தண்ணி இல்லன்னாலும் நிறுத்தும், மோட்டார் எரியாது. வாட்ச்மேன் மேல பழி போடாதீங்கம்மா, கேட்டைத் திறக்கறதும், கார் துடைக்கறதும், கூரியர் வாங்கறதும், மோட்டார் நிறுத்தறதும் எல்லாத்தையும் ஒரு மனுஷன் தலையில கட்டினா ஏதோ ஒண்ணு தவறத்தான் செய்யும்.

மழைநீர் சேகரிப்பு தொட்டி கட்டிடம் கட்டும்போதே இருக்கு, ஆனா ஏதாவது பிரயோஜனம் இருக்கான்னே தெரியல. சூரமங்கலம்.

தமிழ்நாட்டுல எல்லா கட்டிடத்துக்கும் இதை 2003லயே கட்டாயமாக்கினாங்க, நாட்டுக்கே முன்மாதிரி. அதுக்கப்பறம் எத்தனை பேர் அந்த குழியத் திறந்து பார்த்தோம்ங்கறதுதான் விஷயம். ஜல்லி எல்லாம் சேறு அடைச்சு, பிளாஸ்டிக் கவரும் இலையும் நிறைஞ்சு, மேல டைல்ஸே போட்டு மூடிட்ட இடமும் உண்டு. சோதிக்கணும்னா ரெண்டு டிரம் தண்ணிய ஊத்திப் பாருங்க, ஒரு மணி நேரத்துல இறங்கணும். இறங்கலன்னா ஜல்லிய அள்ளிக் கழுவி திரும்ப போடணும், ஐப்பசி மழைக்கு முன்னாடி.

ஆனா சேலத்து பூமி பாறை, நீங்க விடற தண்ணி அடியில போய் உங்க போர்லயே வந்து நிக்கும்னு உறுதி கிடையாது, பாறை வெடிப்பு எங்க போகுதோ அங்க போகும். அதனால என் அபிப்பிராயம், மழைத்தண்ணிய முதல்ல சம்ப்புக்கு விடுங்க, மிச்சத்தை பூமிக்கு விடுங்க. 4,000 சதுர அடி மாடியில ஒரு சென்டிமீட்டர் மழை பெய்ஞ்சா 3,700 லிட்டர், உப்பில்லாத தண்ணி, போர்லேர்ந்து தூக்கற கரண்ட் செலவு இல்லாம சம்ப்பு வாசல்ல வந்து நிக்குது. முதல் பத்து நிமிஷ மழைய வெளிய விட ஒரு வால்வு, அப்பறம் மணல் வடிகட்டி, அவ்வளவுதான். குடிக்க வேணாம், குளிக்க, துவைக்க, டாய்லெட்டுக்கு போதும், வாஷிங் மெஷின்ல உப்பு படியறதும் குறையும்.

ஏற்காட்டுல ஆறு வீடு சேர்ந்த குடியிருப்பு. வருஷம் பூரா கீசர், கரண்ட் பில் தாங்கல. மூடுபனியில சோலார் ஹீட்டர் வேலை செய்யுமா, அதுக்கு மானியம் உண்டா?

தம்பி, இப்ப வீட்டு சோலாருக்கு பேசற மானியம் கரண்ட் எடுக்கற பேனலுக்குத்தான், தண்ணி காய வைக்கற ஹீட்டருக்கு கிடையாது, ரெண்டையும் குழப்பி விக்கறவங்க கிட்ட ஜாக்கிரதை. வேலை செய்யுமான்னா, 1,500 மீட்டர் உயரத்துல கண்ணாடிக் குழாய் வச்ச ஹீட்டர் வெயில் இருக்கற நாள்ல நல்லாவே சூடு பண்ணும், மார்ச்லேர்ந்து மே வரைக்கும் கீசர் பக்கமே போக வேணாம். ஆடியிலேர்ந்து மார்கழி வரைக்கும் மழையும் பனியும் மாறி மாறி வர்ற நாள்ல பேக்கப் காயில் (வெயில் இல்லாதப்ப கரண்ட்ல சூடு பண்றது) இல்லாம ஆகாது. குரங்கு ஏறி இறங்கற கூரையா இருந்தா கண்ணாடிக் குழாய் உடையும், வலை போடற செலவையும் கணக்குல சேத்துக்கோங்க. உங்க மாதிரி வருஷம் பூரா வெந்நீர் வேணுங்கறவங்களுக்கு ஹீட் பம்ப்னு ஒண்ணு இருக்கு, காத்துல இருக்கற சூட்டை எடுத்து தண்ணிக்கு குடுக்கும், சாதா கீசர் எடுக்கற கரண்ட்ல மூணுல ஒரு பங்குல வேலைய முடிக்கும், பனியைப் பத்தி கவலையே இல்ல. விலை அதிகம், ஒரு வீட்டுக்கு கட்டாது, ஆறு வீடு சேர்ந்து ஒரு பெரிய டேங்க் வச்சா கட்டும்.

அதுவரைக்கும் ரெண்டு வேலை. 25 லிட்டரை 15 டிகிரியிலேர்ந்து 40க்கு கொண்டு போக 0.7 யூனிட் ஆகும், அதை 60க்கு ஏத்தி வச்சுட்டு பச்சைத் தண்ணி கலந்து குளிக்கறதுல காத்திருக்கற நேரத்துலயே சூடு போயிட்டே இருக்கும், தெர்மோஸ்டாட்டை 45ல வைங்க, குளிக்கறதுக்கு முன்னாடி மட்டும் போடுங்க. கீசர்லேர்ந்து குழாய் வரைக்கும் வெளிச்சுவத்துல ஓடற பைப்புக்கு கறுப்பு ஃபோம் உறை போடுங்க, மலைக் குளிர்ல அங்கயும் சூடு போகுது. மழைத்தண்ணி விஷயத்துல நீங்க எங்களை விட பாக்கியசாலி, அங்க வருஷத்துக்கு 1,500 மில்லிமீட்டர் பக்கம் பெய்யுது, 1,000 சதுர அடி கூரையிலேர்ந்து ஒரு லட்சம் லிட்டர் எடுக்கலாம். கோடையில டேங்கர் வண்டி மலை ஏறி வரணும்னா அந்த டீசலையும் நெனச்சுப் பாருங்க, தொட்டி கட்டற காசு பெருசா தெரியாது.

எங்க வீட்டுல ரெண்டே பேர், எதிர் வீட்டுல ஏழு பேர். மெயின்டெனன்ஸ் எல்லாருக்கும் ஒண்ணு. வீட்டுக்கு வீடு தண்ணி மீட்டர் வைக்கணும்னு சொன்னா சண்டைக்கு வர்றாங்க. கன்னங்குறிச்சி.

மீட்டர் வச்சா தண்ணி செலவு குறையும், காசு குடுக்கறதுக்கு அளவு தெரிஞ்சா யாரும் குழாயை திறந்து விட்டுட்டு போக மாட்டாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா நம்ம கட்டிடங்கள்ல ஒரு வீட்டுக்கு ஒரே பைப் வர்றதில்ல, மேல் டேங்க்லேர்ந்து ஒவ்வொரு பாத்ரூமுக்கும் சமையலறைக்கும் தனித்தனியா இறங்குது, அப்ப வீட்டுக்கு மூணு நாலு மீட்டர் வேணும், செலவு ஏறும், அதுலதான் பேச்சு நின்னு போகுது. ஏழு பேர் வீட்டுல இருக்கறவங்க தண்ணிய வீணடிக்கறாங்கன்னும் அர்த்தம் இல்லங்க, ஆள் அதிகம், அவ்வளவுதான். அதனால வீட்டு மீட்டரை இப்ப விட்டுடுங்க. போர் லைனுக்கு ஒண்ணு, மேட்டூர் தண்ணி லைனுக்கு ஒண்ணு, மேல் டேங்க்லேர்ந்து இறங்கற மெயினுக்கு ஒண்ணு, மூணே மீட்டர் கேளுங்க, இதுக்கு யாரும் எதிர்ப்பு சொல்ல மாட்டாங்க ஏன்னா யார் வீட்டையும் காட்டிக் குடுக்காது. தினமும் காலைல ஆறு மணிக்கு ரீடிங் எடுத்து லிஃப்ட் பக்கத்துல போர்டுல எழுதுங்க. உள்ள வந்ததுக்கும் மேலேர்ந்து இறங்கினதுக்கும் நடுவுல வித்தியாசம் இருந்தா சம்ப்போ டேங்கோ ஒழுகுது. ராத்திரி ரெண்டு மணிக்கு எல்லாரும் தூங்கற நேரத்துல மெயின் மீட்டர் ஓடுச்சுன்னா எங்கயோ ஃப்ளஷ் ஒழுகுது, கேசரி பவுடரை எடுத்துட்டு வீடு வீடா போகலாம். ரெண்டு மாசம் அந்த போர்டு இருக்கட்டும், அப்பறம் பொதுக்குழுவுல மெயின்டெனன்ஸ்ல தண்ணிப் பங்கை மட்டும் தனியா பிரிச்சு தலைக்கு இவ்வளவுன்னு போடலாமான்னு கேளுங்க, வாடகைக்கு இருக்கறவங்களையும் அந்த கூட்டத்துக்கு கூப்பிடுங்க, தண்ணி புழங்கறது அவங்கதானே.